கொக்குக் காலைப் பார்த்தவள்

போன ஞாயிற்றுக்கிழமை வந்தபோது உன் பாடக்குறிப்பு நோட்டை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாய். திண்ணையில் கிடந்தது. நீ கேட்டதற்கு அன்றைக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை என்ற உறுத்தல் எனக்கு ஏற்கனவே இருந்தது. “ஐயா, கேள்வி கேட்டா பிள்ளைக வாயே திறக்க மாட்டேங்குதுக. நானே கேட்டு நானே பதில் சொல்லிட்டு வர்றேன்” என்றாய். வேலையில் சேர்ந்து மூன்று மாதம்தானே ஆகிறது, போகப் போகச் சரியாகிவிடும் என்று சொல்லி, காபியைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அது பதிலே இல்லை. எனக்குச் சரியாகப் பதினோரு வருஷம் பிடித்தது. உனக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். குறுந்தொகைப் பாட்டு ஒன்றுக்கு ஒன்பது கேள்வி எழுதியிருக்கிறாய். உழைப்பு தெரிகிறது. திணை யாது, துறை யாது, உவமை யாது, கருப்பொருள்கள் எவை, தலைவியின் மனநிலையை விளக்குக. ஒவ்வொன்றுக்கும் நேரே சிவப்பு மையில் விடையும் எழுதி வைத்திருக்கிறாய். அம்மா, பிள்ளைகள் வாய் திறக்காததற்குக் காரணம் அந்தச் சிவப்பு மைதான். அதை அவர்கள் கண்ணால் பார்த்திருக்க வேண்டியதில்லை. டீச்சர் கையில் விடை இருக்கிறது, நாம் சொல்வது அதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கப் போகிறார் என்பது உன் குரலிலேயே அவர்களுக்குத் தெரிந்துவிடும். ஒத்துப்போகாவிட்டால் நாற்பது பேர் முன்னால் அவமானம். அதற்கு வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்று பதின்மூன்று வயதுப் பிள்ளை நினைத்தால் அதில் தப்பே இல்லை.

நன்னூல் வினாவை ஆறாகப் பிரிக்கிறது. அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. உனக்கு நான்தான் இதை மனப்பாடம் செய்ய வைத்தேன். 2019இல் பத்தாம் வகுப்புக்குப் புதுத் தமிழ்ப் புத்தகம் வந்தபோது, இந்த இலக்கணப் பாடத்தில் முதல் இரண்டு வினாவுக்கும் கொடுத்திருந்த எடுத்துக்காட்டைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். கவிதையின் பொருள் என்ன என்று ஆசிரியர் மாணவரைக் கேட்டால் அது அறிவினா. அதே கேள்வியை மாணவர் ஆசிரியரைக் கேட்டால் அது அறியா வினா. எழுதியவர்கள் இலக்கணத்துக்காகத்தான் எழுதியிருப்பார்கள். ஆனால் நம் தமிழ் வகுப்பு எப்படி நடக்கிறது என்பதையே அந்த இரண்டு எடுத்துக்காட்டும் காட்டிவிட்டன. விடை தெரிந்த ஒருவர் ஒரு பக்கம், தெரியாத நாற்பது பேர் மறுபக்கம். இரண்டு பக்கத்தாரும் சேர்ந்து ஒரு பாட்டின் முன்னால் தெரியாமல் நிற்கிற நேரம் என்று ஒன்று அதில் இல்லை.

அந்த நேரத்தை உண்டாக்கத்தான் நீ வகுப்புக்குப் போகிறாய். ஒரு பாடத்துக்கு ஒரு அறியா வினாவாவது உன் பையில் இருக்கட்டும். உனக்கே விடை தெரியாத கேள்வியாக இருக்கட்டும். தெரிந்துகொண்டே தெரியாததுபோல் கேட்டால் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடும்.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு ஒன்பதாம் வகுப்பில். கோவில்பட்டிப் பக்கம், பாதிப் பிள்ளைகளின் அம்மாக்கள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர்கள். பாடப்புத்தகத்தில் இல்லாத பாட்டு ஒன்றை அவ்வப்போது கரும்பலகையில் எழுதிப் போட்டு நடத்துவது என் வழக்கம். அன்றைக்கு எழுதியது குறுந்தொகையின் இருபத்தைந்தாம் பாட்டு, கபிலர் பாடியது. ஐந்தே அடி. உனக்குத் தெரியும். மணம் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கிறது. தலைவி தோழியிடம் சொல்கிறாள்: அன்றைக்கு அவன் மட்டும்தான் இருந்தான், வேறு யாரும் இல்லை, அவனே பொய் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன், ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீனுக்காகப் பார்த்துக்கொண்டு ஒரு குருகு நின்றது, அதன் கால் தினைத்தாள்போல மெல்லிசாக இருந்தது.

உ.வே.சா. 1937இல் பதிப்பித்த குறுந்தொகையை அவர் உரையோடு படித்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போவேன். குருகைப் பற்றி என்ன சொல்ல வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தயாராக இருந்தது. சாட்சி சொல்ல வாயில்லாத சாட்சி, அதுவும் தன் இரையிலேயே கண்ணாக இருந்த சாட்சி. பதினோரு வருஷமாகச் சொல்லி வந்ததையே அன்றும் சொல்லி முடித்தேன். சொல்லிவிட்டுச் சாக்பீஸைக் கீழே வைக்கும்போது இரண்டாம் பெஞ்சில் ஒரு பெண் எழுந்து, “ஐயா, அவ அந்த நேரத்துல எதுக்குக் கொக்குக் காலப் பாத்தா?” என்றாள்.

உவமை நயம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்தபிறகு அதைச் சொல்ல முடியவில்லை. அவள் உவமையைக் கேட்கவில்லை. ஒரு பெண்ணின் வாழ்க்கை போய்க்கொண்டிருக்கிற நேரத்தில், அந்தப் பெண்ணின் கண் ஏன் ஒரு பறவையின் காலில் போய் நின்றது என்று கேட்கிறாள். நான் குருகைப் பற்றி யோசித்திருந்தேன், காலைப் பற்றி யோசித்ததே இல்லை. “தெரியலையேம்மா” என்றேன். வகுப்பறையில் நான் அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் தடவை. “உங்களுக்கு என்ன தோணுது?”

முதலில் யாரும் பேசவில்லை. பிறகு, பள்ளிக்கூடம் விட்டால் கண்மாய்க்கரையில் ஆடு மேய்க்கப் போகிற பையன் ஒருவன் எழுந்தான். “கொக்கு தண்ணிக்குள்ள நின்னா ஆளப் பாக்காதுய்யா. மீனு மேலதான் கண்ணு. அது எதையும் பாத்திருக்காது.” அவனுக்குப் பின்னால் ஒருத்தன், “அப்ப சாட்சியே இல்லைன்னு அவளுக்கே தெரியும். தெரிஞ்சும் சொல்றா” என்றான். பயந்துபோனால் கண் எங்கெங்கோ போகும் என்றாள் ஒருத்தி. இவர்களெல்லாம் பேசி அடங்கியபிறகு ஜன்னலோரத்தில் இருந்து, அந்த வருஷம் முழுக்க நான் குரலே கேட்டிராத ஒரு பிள்ளை, உட்கார்ந்தபடியே சொன்னாள்: “தலையக் குனிஞ்சிருப்பாய்யா. குனிஞ்சா காலுதான தெரியும்.”

கரும்பலகையில் இருந்த பாட்டை மறுபடி ஒரு தடவை படித்தேன். அவள் சொன்னது சரி. குருகின் சிறகைப் பற்றி ஒரு சொல் இல்லை, கழுத்தைப் பற்றி இல்லை. கால் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. வெட்கத்தில் தலை கவிழ்ந்து நிற்கிற ஒரு பெண்ணுக்கு எது கண்ணில் படுமோ அது மட்டும்தான் பாட்டுக்குள் வந்திருக்கிறது. கபிலர் அப்படி நினைத்துத்தான் பாடினாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் பாட்டு அதற்கு இடம் கொடுக்கிறது. அப்படி ஒரு விளக்கத்தை நான் அதுவரை எந்த உரையிலும் படித்ததில்லை. அன்றைக்கு மணி அடித்தபிறகும் பிள்ளைகள் எழுந்து போகவில்லை.

அதற்குப் பிறகு நான் கேள்வி எழுதும் முறையே மாறிப் போயிற்று. ‘தலைவியின் மனநிலை’ போன்ற பெரிய சொற்களை விட்டுவிட்டேன். அந்தச் சொல் எதிரே வந்தாலே பிள்ளைகள் நோட்ஸில் இருக்கிற பாஷைக்குப் போய்விடுவார்கள். ஆற்றாமை, பெருந்துயரம் என்று ஆரம்பித்துவிடுவார்கள். கையால் தொடுகிறமாதிரி ஒரு பொருளைப் பற்றிக் கேள். கொக்குக் கால், கிணற்றுக் கயிறு, கதையில் ஒருவன் குடிக்காமல் வைத்துவிட்டுப் போன காபி. சின்னப் பொருளாக இருந்தால் எல்லாப் பிள்ளைக்கும் அதைப் பற்றிச் சொல்ல ஒன்று இருக்கும். ஆடு மேய்க்கிறவனுக்குக் கொக்கைப் பற்றி என்னைவிட அதிகம் தெரியும்.

இன்னொன்று செய்து பார். சங்கப் பாட்டுக்குக் கீழே இன்னார் இன்னாரிடம் சொன்னது என்று கூற்றுக் குறிப்பு இருக்குமல்லவா, அதை மறைத்துவிடு. பாட்டை மட்டும் எழுதிப் போட்டு, யார் பேசுவது, யாரிடம், எதிரே இருப்பவர் என்ன சொல்லியிருந்தால் இந்தப் பேச்சு வந்திருக்கும் என்று கேள். ஒரு பீரியட் போதாது.

இப்படிக் கேட்கும்போது யார் எதைச் சொன்னாலும் சரிதான் என்று ஆகிவிடாதா என்று நீ கேட்பாய். ஆகக் கூடாது. அதற்கு நான் வைத்திருந்தது ஒரே ஒரு கேள்வி: “எந்தச் சொல்ல வச்சுச் சொல்ற?” கோபமாகக் கேட்காதே, மடக்குவதற்காகவும் கேட்காதே. சரியாகச் சொன்ன பிள்ளையிடமும் அதே குரலில் கேள். நாலு வாரத்தில் அவர்களே ஒருவரை ஒருவர் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

புறநானூற்று நூற்றுப் பன்னிரண்டாம் பாட்டை நடத்தும்போது நடந்தது இது. பாரி மகளிர் பாடியது. மூவேந்தரும் பறம்பு மலையைச் சூழ்ந்து, பாரி இறந்து, மலையும் கைவிட்டுப் போனபின் அந்தப் பெண்கள் சொல்வது. போன மாதத்து நிலாவில் அப்பா இருந்தார், மலை எங்களிடம் இருந்தது. இந்த மாதத்து நிலாவில் மலையும் இல்லை, அப்பாவும் இல்லை. பாட்டின் சங்கதி அவ்வளவுதான். “ரெண்டு பேரும் அழுதுக்கிட்டே பாடுறாங்க” என்றான் ஒரு பையன். எந்தச் சொல்லை வைத்துச் சொல்கிறாய் என்றேன். தேடினான். வகுப்பே தேடியது. ஐந்து அடியையும் சொல் சொல்லாக விரல் வைத்துப் பார்த்தார்கள். அழுகை இல்லை, கண்ணீர் இல்லை, துயரம் என்ற சொல்லே இல்லை. “அப்புறம் எப்படிடா எல்லாருக்கும் அழற மாதிரிக் கேட்டுச்சு?” என்று நான் கேட்டது நிஜமாகவே எனக்குத் தெரியாமல்தான். நிலா அதேதானே, அது மாறவே இல்லையே, அதுதான் என்றான் ஒருவன். அப்பா செத்த வீட்டில் மூன்றாம் நாள் யாரும் அழமாட்டார்கள், சும்மா கணக்குச் சொல்கிற மாதிரிப் பேசுவார்கள் என்றாள் ஒருத்தி. அவள் எந்த வீட்டைச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். நான் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஏன் கேட்டுக்கொள்ளவில்லை என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை இதுவரை யாரிடமும் விரிவாகச் சொன்னதில்லை.

கு. அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’ உனக்குப் பிடித்த கதை. கோவில்பட்டிப் பக்கத்து இடைசெவல்காரர். அவர் காலமான 1970ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது இந்தக் கதையின் பெயரைத் தாங்கிய தொகுப்புக்குத்தான் கிடைத்தது. எங்கள் பிள்ளைகளுக்கு அவர் பக்கத்து ஊர்த் தாத்தா மாதிரி. கதையில், ஒருவர் தன்னிடம் பிரியமாக வந்து ஒட்டிக்கொள்கிற பிள்ளைகளில் சிலருக்கு டைரி கொடுக்கிறார். சாரங்கன் என்ற பையனுக்குக் கிடைக்கவில்லை. கடைசியில் அவனே ஒரு டைரியைக் கொண்டுவந்து அவரிடம் நீட்டி, அன்பளிப்பு என்று தன் பெயருக்கு எழுதித் தரச் சொல்கிறான்.

அந்தக் கதையைப் படித்து முடித்த சூட்டில், பிள்ளைகள் மனசைத் திறந்துவிட வேண்டும் என்ற ஆசையில், “உங்கள்ல யாருக்காவது சாரங்கன் மாதிரி ஆகியிருக்கா?” என்று கேட்டேன். யாரும் பேசவில்லை. ஆனால் இரண்டு மூன்று தலைகள் திரும்பி மூலையில் இருந்த ஒரு பையனைப் பார்த்தன. சித்தப்பா வீட்டில் வளர்கிற பிள்ளை. அந்த வீட்டில் மற்றப் பிள்ளைகளுக்குத் தீபாவளிக்குத் துணி எடுத்தபோது அவனுக்கு எடுக்கவில்லை என்பது வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியாது. அவன் புத்தகத்தைப் பார்த்தபடியே இருந்தான். காது மட்டும் சிவந்துபோயிற்று. மறுநாளும் அதற்கு மறுநாளும் பள்ளிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். தொழுவத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு நின்றான். என்னைப் பார்த்ததும் “நாளைக்கு வந்துர்றேன் ஐயா” என்று மட்டும் சொன்னான். நான் மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவன் சித்தி பக்கத்தில் நின்றதால் அதையும் கேட்க முடியவில்லை.

பிள்ளைகளின் வாழ்க்கையைக் கேள்வியாக வைக்காதே அம்மா. கதையைப் பற்றி மட்டும் கேள். சாரங்கன் டைரியைத் தானே கொண்டுவந்தானே, அவர் எழுதிக் கொடுத்தபின் அது அன்பளிப்பா, இல்லையா? அவரே புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தால் அவனுக்கு அது போதுமா? இப்படிக் கேட்டால் சொந்தக் காயம் உள்ள பிள்ளை, சாரங்கன் என்ற பெயருக்குப் பின்னால் நின்றுகொண்டு, தனக்கு வேண்டியதைத் தைரியமாகப் பேசும். கதை என்பது அவர்களுக்கு ஒரு மறைப்பு. அதைப் போய் நான் கையால் விலக்கினேன். அடுத்த வருஷம் அதே கதையை வேறொரு வகுப்பில் இந்த இரண்டு கேள்வியோடு நடத்தினேன். அது அன்பளிப்புதான், பொருளை யார் வாங்கினால் என்ன, எழுதுவதற்கு ஒரு மனுஷன் வேண்டுமே என்று ஒரு பிள்ளை சொன்னது இன்னும் என் நோட்டில் இருக்கிறது.

கேட்டுவிட்டுப் பேசாமல் இரு. இதுதான் எல்லாவற்றையும்விடச் சிரமம். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து கேட்டுப் பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் ஏறக்குறைய ஒரு வினாடிதான் பொறுக்கிறார்கள். அதற்குள் வேறு பிள்ளையைக் கேட்கிறார்கள், அல்லது தாங்களே சொல்லிவிடுகிறார்கள். 3 வினாடிக்கு மேல் பொறுத்தால் பிள்ளைகளின் பதில் நீளமாகிறது, அதுவரை பேசாதவர்களும் பேசுகிறார்கள் என்று அவர் கண்டார். அவர் பார்த்தது அறிவியல் வகுப்புகளை. கவிதைக்கு 3 வினாடி போதாது என்பது என் அனுபவம். நான் ஜன்னல் பக்கம் போய், வெளியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவேன். முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அவர்களுக்கு நெருக்குதலாக இருக்கும். சில நாள், பேசுவதற்கு முன்னால் இரண்டு வரி எழுதச் சொல்வேன். எழுதியபின் பேசுவது கூச்சமுள்ள பிள்ளைக்குச் சுலபம். தாளைப் பார்த்து வாசித்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. நம் பிள்ளைகளுக்குப் பட்டிமன்றம் நன்றாகத் தெரியும். கலந்து பேசுங்கள் என்றாலே இரண்டு அணியாகப் பிரிந்து, நடுவர் யார் என்று கேட்பார்கள். பட்டிமன்றத்தில் எடுத்த கட்சியைக் கடைசிவரை விடக்கூடாது. இங்கே பாதியில் கட்சி மாறுகிற பிள்ளையைத்தான் நீ தட்டிக்கொடுக்க வேண்டும். “இவன் சொன்னதக் கேட்டதும் எனக்கு வேற மாதிரித் தோணுதுய்யா” என்று ஒருத்தி சொல்லிவிட்டால் அன்றைய பாடம் நடந்துவிட்டது என்று வைத்துக்கொள்.

சிலபஸ் எப்போது முடிப்பது, குறுவினா சிறுவினா நெடுவினா எல்லாம் யார் எழுத வைப்பது என்ற கவலை உனக்கு இருக்கும். நியாயமான கவலைதான். அறிவினாக்களை விட்டுவிடச் சொல்லவில்லை; திணையும் துறையும் அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும், பரீட்சை எழுத வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு பீரியட் இதற்கென்று வைத்துக்கொள். அந்த ஒரு பீரியடில் வாதாடிய பாட்டுக்கு உரை எழுத அவர்களுக்கு நோட்ஸ் தேவைப்படாது. தலைமையாசிரியர் வகுப்பு சத்தமாக இருக்கிறது என்பார். போய் உட்கார்ந்து பார்க்கச் சொல்.

நம்முடைய பழைய ஆட்கள் இப்படிக் கேள்விக்கு இடம் கொடுக்காமல் இல்லை. காண்டிகை உரை என்றால் கருத்து, பதப்பொருள், காட்டு ஆகியவற்றோடு வினாவும் விடையும் சேர்ந்து வருவதையும் நன்னூல் சொல்கிறது. எழுதுகிறபோதே எதிரே ஒரு மாணவன் உட்கார்ந்து இடைமறித்துக் கேட்பதாக நினைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார்கள். அந்த இடைமறிப்பை அச்சில் வைத்துக்கொண்டு, உயிரோடு உட்கார்ந்திருக்கிற பிள்ளையைப் பேசாதே என்று நாம் அடக்கிவிட்டோம். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

நோட்டை அடுத்த வாரம் யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன். சிவப்பு மையில் இருப்பதை அடிக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் மட்டும் ஒரு கேள்வி எழுதியிருக்கிறேன், விடை எழுதவில்லை. பாரி இறந்தபின் அவன் பெண்களுக்குத் துணையாக நின்றவர், அந்தக் குருகைப் பாடிய அதே கபிலர்தான். அவருடைய பாட்டுக்குப் பக்கத்தில் வைத்து அந்தப் பெண்களின் பாட்டைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இது வரும். பாரி மகளிர் என்று பன்மையில்தான் பெயர் இருக்கிறது. ஐந்து அடிப் பாட்டு ஒன்றை அவர்கள் எப்படிச் சேர்ந்து பாடினார்கள்? போன மாதத்து நிலாவை யார் சொன்னது, இந்த மாதத்து நிலாவை யார் சொன்னது? ஒருத்தி தொடங்கி முடிக்க முடியாமல் நின்று, மற்றவள் எடுத்துக்கொண்டாளா? முப்பத்து மூன்று வருஷம் நடத்தினேன், ஒரு தடவைகூட இதை வகுப்பில் கேட்கத் தோன்றவில்லை. ஓய்வு பெற்றபின்தான் தோன்றியது. திங்கட்கிழமை உன் பிள்ளைகளிடம் கேட்டுப் பார். ஜன்னலோரத்தில் இருக்கிற பிள்ளை என்ன சொல்கிறது என்று அன்றைக்குச் சாயங்காலமே எனக்கு ஒரு போன் போடு.